வெள்ளத்தில் மூழ்கிய கப்சாய்: கிக்கை மிதிக்குமுன் செய்ய வேண்டியவை

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. விடாமல் பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. கிள்ளான் வட்டாரமும் தப்பவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு சேறு பூசிக்கொண்டு நின்றவற்றில் மோட்டார் சைக்கிள்கள் ஏராளம். தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகவும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதிக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் பல குடும்பங்களுக்கு அந்த ஒரு மோட்டார்தான் துணை. அதனால்தான் தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் முதலில் செய்வது, சாவியைத் திருப்பி கிக்கை மிதிப்பது.

மூழ்கிய எஞ்சின் பெரும்பாலும் கெட்டுப்போவது அந்த நேரத்தில்தான். ஓடாமல் நின்று நனைந்த எஞ்சினை ஒரு நாளுக்குள் காயவைத்துவிட்டால் பெரிய செலவில்லாமல் மீட்டுவிடலாம். உள்ளே தண்ணீர் இருக்கும்போதே ஓட்டிவிட்டால் பிளாக்கைப் பிரிக்க வேண்டி வரும். இந்த அத்தியாயம் ஹோண்டா இ.எக்ஸ்.5, மொடெனாஸ் கிறிஸ் போன்ற காற்றுக் குளிர்ச்சி கப்சாய்களை (சிறிய கியர் மோட்டார் சைக்கிள்களை) மனத்தில் வைத்து எழுதப்பட்டது. யமஹா ஒய்.15, எல்.சி.135 போன்ற ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

ஏன் ஸ்டார்ட் செய்யக்கூடாது

பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டரில் உள்ள காற்று அழுந்தும். தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் போதிய தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் பிஸ்டனைத் தள்ளினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்னொரு ஆபத்து எண்ணெயில் இருக்கிறது. தண்ணீர் கலந்த எண்ணெய்க்கு வழவழப்புக் கிடையாது. சில நிமிட ஓட்டத்திலேயே கேம், ராக்கர், பேரிங் எல்லாம் தேயத் தொடங்கிவிடும். தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு இவ்வளவுதான்.

முதலில் சேற்றுக் கோட்டைப் பாருங்கள்

தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை வண்டியில் படிந்த சேற்றுக் கோடு காட்டும். அதை வைத்து வேலையின் அளவை முடிவு செய்யுங்கள்.

- சக்கர அச்சு வரை: எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. பிரேக், சங்கிலி, சக்கர பேரிங் மட்டும் பாருங்கள்.
- எஞ்சின் உயரம் வரை: சைலன்சரின் வாய் தாழ்வாக இருப்பதால் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். எண்ணெய், பிளக், சைலன்சர் மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.
- இருக்கைக்கு மேல்: ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், பெட்ரோல் தொட்டி, வயரிங், பேட்டரி எல்லாமே நனைந்ததாகக் கொண்டு கீழே உள்ள படிகளை முழுமையாகச் செய்யுங்கள்.

எந்த உயரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மேல் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீரில் எஞ்சின் நின்றுபோயிருந்தால், கோடு எங்கே இருந்தாலும் மூன்றாவது வகையாகவே நடத்துங்கள்.

பாதுகாப்பு: வேலையைத் தொடங்குமுன்

1. ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள். வெள்ளச் சேற்றில் எலி சிறுநீர் கலந்திருக்கும்; காலில் சிறு வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். வேலை முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதேனும் வந்தால் கிளினிக்குக்குப் போய், வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.
2. இருக்கையையும் கவரையும் கையை விட்டுத் திறக்காதீர்கள். ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். உலர்ந்த இடம் தேடிவரும் பாம்பும் பூரானும் அங்கேதான் ஒளியும்.
3. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, வாசல் கால்வாய்க்குள் இறங்கும். வாசல் மாடத்து விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.
4. நனைந்த சுவர் பிளக்கில் சார்ஜரையோ விளக்கையோ செருகாதீர்கள். வீட்டு வயரிங்கை எலெக்ட்ரீஷியன் பார்த்து முடிக்கும் வரை பகல் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள்.
5. பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். கையால் அழுத்தும் சிறிய பம்ப் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

8, 10, 12, 14, 17 எண் ஸ்பேனர்கள்; பிளக் சாக்கெட் (சிறிய ஹோண்டா கப்சாய்களில் பொதுவாக 16 எண்); பட்டை, நட்சத்திரத் திருப்புளிகள்; இரண்டு பேசின்; புனல்; பெட்ரோல் வடிக்க மூடியுள்ள டின்; மண்ணெண்ணெய்; பழைய பல்துலக்கி; பஞ்சு விடாத துணி; எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர்; சங்கிலி ஸ்பிரே; மூன்று முறை மாற்றப் போதுமான எஞ்சின் எண்ணெய்; புதிய பிளக்; புதிய ஏர் ஃபில்டர்.

குறிப்பு: ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ என்று டப்பாவில் அச்சிட்ட மோட்டார் எண்ணெயையே கியர் வண்டிக்கு வாங்குங்கள். கப்சாயின் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி வேலை செய்வது. கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அலசுவதற்கு விலை குறைந்த பிராண்ட் போதும். ஆனால் தரக் குறியீடு அதுவே இருக்கட்டும்.

முதல் நாள்: தண்ணீரை வெளியேற்றும் 12 படிகள்

சிலிண்டர் சுவர் சீக்கிரம் துருப்பிடிக்கும். கழுவி மினுக்குவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ளவற்றை இன்றே முடியுங்கள்.

1. படம் எடுங்கள். சேற்றுக் கோடு, நம்பர் பிளேட், மீட்டர் எல்லாம் தெரியும்படி நாலு பக்கமும் எடுத்து வையுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்காது. விரிவான காப்புறுதியிலும் இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியே வாங்கியிருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். அது உங்களிடம் இருந்தால், எதையும் பிரிக்குமுன் நிறுவனத்தை அழையுங்கள்.

2. சாவி ஆஃபில் இருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். பேட்டரியை வெளியே எடுத்துத் துடைத்து நிழலில் வையுங்கள்.

3. நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர்ட் கிள்ளான், தெலுக் கோங், காப்பார் கரையோரப் பகுதிகளில் கடல் பெருக்கோடு வரும் வெள்ளத்தில் உப்பு இருக்கும். உப்பு உலர்ந்தால் வயரிங் முனையும் அலுமினியமும் அரித்துப்போகும். அதனால் காயவிடாமல் உடனே கழுவுங்கள். தோட்டக் குழாயின் மெல்லிய நீர் போதும். வாட்டர் ஜெட் வேண்டாம். அது சேற்றை பேரிங்குக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் தள்ளிவிடும்.

4. வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வையுங்கள். அடியில் பேசின் வைத்து எண்ணெய் வடிக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலான ஹோண்டா கப்சாய்களில் அது 17 எண். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் முதலில் அதுதான் வரும். தெளிந்த நீராக வந்தால் நல்ல சகுனம்: எஞ்சின் ஓடவில்லை, தண்ணீர் கலக்கவில்லை. தே தாரிக் நிறத்தில் வந்தால் இரண்டும் கடையப்பட்டிருக்கின்றன. அலசுவதற்குக் கூடுதல் எண்ணெய் தேவைப்படும். அரை மணி நேரம் வடியவிடுங்கள்.

5. பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். அதன் பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும்.

6. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பேப்பர் ஃபில்டர் நனைந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். ஸ்பாஞ்ச் வகையென்றால் மண்ணெண்ணெயில் பிழிந்து, சோப்பு நீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, சில துளி எண்ணெய் தடவிப் போடுங்கள்.

7. சாவி ஆஃபில் இருப்பதையும் பிளக் தொப்பி துளையிலிருந்து தள்ளி இருப்பதையும் மறுபடி பாருங்கள். பழைய கார்புரேட்டர் கப்சாய்களில் பேட்டரி இல்லாமலே தீப்பொறி வரும். பிளக் துளைக்கு நேராக முகத்தை வைக்காமல், கிக்கைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் துளை வழியே பீய்ச்சி அடிக்கும். வருவது நிற்கும் வரை செய்யுங்கள். கிக் அசையவே மறுத்தால் மிதிக்காதீர்கள்; பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட்டு மறுநாள் பாருங்கள். கிக் இல்லாத கைக்கிளட்ச் வண்டியில் மேல் கியரைப் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள்.

8. பிளக் துளைக்குள் ஒரு தேக்கரண்டி புதிய எஞ்சின் எண்ணெயை விட்டு, கிக்கைப் பத்து முறை மெல்ல அழுத்துங்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய் படிந்து துருவைத் தடுக்கும். இந்தப் படி முடிந்துவிட்டால் பெரிய ஆபத்து தாண்டியது என்று கொள்ளலாம்.

9. சைலன்சரை எஞ்சினோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் பின்னால் உள்ள போல்ட்டையும் எடுத்து, சைலன்சரைக் கழற்றித் தலைகீழாகச் சாய்த்து வடியுங்கள். மாட்டும்போது வாயில் புதிய காஸ்கெட் போடுங்கள்.

10. பெட்ரோல் தொட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் தங்கும். மேலே பார்த்தால் நல்ல பெட்ரோலாகவே தெரியும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பினாலே தொட்டிக்குள் உள்ள பம்ப் ஓடி, அந்தத் தண்ணீரை இன்ஜெக்டருக்குத் தள்ளும். தொட்டி சுத்தமாகும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

11. கார்புரேட்டர் வண்டியில் அடிக்கிண்ணத்தின் வடிகுழாய் திருகைத் தளர்த்தி வடியுங்கள். சேறு வந்தால் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட் துளைகளை கார்புரேட்டர் கிளீனரால் ஊதுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் வண்டி பெட்ரோல் குடிக்கும்.

12. வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். இருக்கைக்கு அடியிலும் முன் கவருக்குள்ளும் உள்ளவை, சுவிட்சுகள், ஃபியூஸ் பெட்டி, ஃபிரேமில் பதியும் எர்த் போல்ட் எல்லாவற்றிலும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். முடியைக் காயவைக்கும் டிரையரின் அதிகச் சூடு பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பிரிக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் மாட்டுவது எளிது.

இரண்டாம் நாள்: முதல் ஸ்டார்ட்

1. வடிபோல்ட்டில் புதிய வாஷர் போட்டு மூடுங்கள். அலுமினிய மரை எளிதில் சிதைந்துவிடும். குட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள், பைப் செருகி நெம்பாதீர்கள்.
2. கையேட்டில் சொன்ன அளவு எண்ணெய் ஊற்றுங்கள். இ.எக்ஸ்.5 வகைச் சிறு கப்சாய்களுக்குச் சுமார் 0.7 முதல் 0.8 லிட்டர் போதும். 150 சி.சி. வண்டிகளுக்குச் சுமார் 1 லிட்டர். ஊற்றிய பின் அளவுகோலால் பாருங்கள்.
3. இடைவெளி சரியாக உள்ள புதிய பிளக்கைப் போடுங்கள். சிறு ஹோண்டா கப்சாய்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். முதலில் விரலாலேயே கடைசிவரை திருகி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள்.
4. புதிய பெட்ரோல் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்து மாட்டுங்கள். பெட்டி உப்பியோ வெடித்தோ இருந்தால் சார்ஜ் செய்யாமல் மாற்றுங்கள்.
5. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளுங்கள். மூடிய கார் நிறுத்துமிடத்திலோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ ஓடவிட்டால் புகை ஆளைக் கொல்லும்.
6. ஸ்டார்ட்டர் பொத்தானை விட்டு, கிக்கால் ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே மிச்சத் தண்ணீர் தடுத்தால் காலுக்கு உடனே தெரியும், பொத்தானுக்குத் தெரியாது.
7. ஓடத் தொடங்கினால் முறுக்காமல் மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சைலன்சரில் முதலில் வெண்ணிற நீராவி வருவது இயல்பு.
8. சூடாக இருக்கும்போதே எண்ணெயை வடியுங்கள். நிறம் வெளுத்திருந்தால் மறுபடி புதியது ஊற்றி, மூன்று நிமிடம் ஓட்டி, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும் வரை இது தொடரட்டும். எண்ணெய் ஃபில்டர் உள்ள வண்டியில் கடைசி முறை ஃபில்டரையும் மாற்றுங்கள்.
9. இறுதியாக நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை மாற்றுங்கள். மூலைகளில் தங்கிய ஈரம் அப்போது வெளிவந்துவிடும்.

கழிவெண்ணெயை வாசல் கால்வாயில் ஊற்றாதீர்கள். அந்தக் கால்வாய் கிள்ளான் ஆற்றுக்குத்தான் போகிறது. மலேசியச் சட்டத்தில் கழிவெண்ணெய் அட்டவணையிடப்பட்ட கழிவு. டின்னில் அடைத்து பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அவர்களிடம் அதைச் சேகரிக்கும் டிரம் இருக்கும்.

சாலையில் ஏறுமுன்: ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும்

எஞ்சின் ஓடிவிட்டதும் பலர் அப்படியே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வெள்ளத்தில் நனைந்த வண்டியில் உயிருக்கு ஆபத்தானது எஞ்சினல்ல, பிரேக். கீழே உள்ளதை முடிக்காமல் பிரதான சாலைக்குப் போகாதீர்கள்.

*டிரம் பிரேக்:* சக்கரத்தைக் கழற்றி, சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிரேக் ஷூ தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. ஷூவின் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். விரிக்கும் கேமின் அச்சில் சிறிது கிரீஸ். ஷூவில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது.

*டிஸ்க் பிரேக்:* கேலிப்பரைக் கழற்றி, பேடுகளையும் வழுக்குப் பின்களையும் சுத்தம் செய்யுங்கள். கேலிப்பர் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்காதீர்கள். பிஸ்டன் வெளியே வந்துவிடும். மேல்தொட்டி மூழ்கியிருந்தால் பிரேக் திரவத்தை முழுக்க மாற்றுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த திரவம் சூட்டில் கொதித்தால் லீவர் பிடிப்பில்லாமல் உள்ளே போய்விடும். மூடியில் அச்சிட்ட டாட் எண்ணையே வாங்குங்கள்.

*சங்கிலி:* இ.எக்ஸ்.5 போன்றவற்றில் சங்கிலி முழுக் கவருக்குள் இருப்பதால் சேறு அங்கேயே கிடக்கும். கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் துலக்கி, காயவைத்து, சங்கிலி ஸ்பிரே அடியுங்கள். எஞ்சின் ஓடும்போது சங்கிலியைத் துடைக்கவே கூடாது, விரல் போய்விடும். சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். நடுவில் மேலும் கீழுமாகத் தளர்வு பெரும்பாலான கப்சாய்களில் 25 முதல் 35 மில்லிமீட்டர்.

*சக்கர பேரிங்:* சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். கரகரத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங்கை மாற்றுங்கள். நனைந்த பேரிங் உடனே கெடாது. சில வாரம் கழித்தே சத்தம் போடும். மாதம் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.

*சோதனை ஓட்டம்:* முதலில் தள்ளிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். பிறகு குடியிருப்புத் தாமானுக்குள் மெதுவாக ஓட்டி, பத்து முறை பிடித்து நிறுத்துங்கள். முன்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல், ஹாரன் எல்லாம் வேலை செய்தால்தான் வெளியே போகலாம்.

ஸ்கூட்டரும் ரேடியேட்டர் வண்டியும்

ஸ்கூட்டரில் இடப்பக்கப் பெல்ட் பெட்டியைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பெல்ட்டையும் புல்லிகளையும் துணியால் துடைத்துக் காயவையுங்கள். அங்கே எண்ணெயோ ஸ்பிரேயோ கூடாது, பெல்ட் வழுக்கும். பின்சக்கரத்தின் கியர் பெட்டியில் உள்ள எண்ணெய் தனி. எஞ்சின் எண்ணெயை மாற்றிவிட்டு இதை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ரேடியேட்டர் உள்ள வண்டியில் இறகுகளுக்கு இடையே உள்ள சேற்றை மெல்லிய நீரால் பின்பக்கமிருந்து தள்ளுங்கள். அடைத்திருந்தால் நெரிசலில் எஞ்சின் கொதிக்கும். உபதொட்டியில் கூலன்ட் கலங்கியிருந்தால் மாற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

கோளாறு கண்டுபிடிக்கும் பட்டியல்

எப்போதும் எளிதானதிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

- சாவியைத் திருப்பினால் விளக்கே எரியவில்லை: ஃபியூஸ், பேட்டரி முனை, சாவி சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். புது ஃபியூஸும் எரிந்தால் எங்கோ வயர் நனைந்து ஷார்ட் ஆகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், வயர் தீப்பிடிக்கும்.
- விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டர் 'டிக்' என்கிறது: பேட்டரி பலவீனம், அல்லது எர்த் போல்ட்டில் துரு. கிக்கில் ஓடினால் எஞ்சின் நலம்.
- கிக் இறங்குகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: தீப்பொறி சோதனை செய்யுங்கள். எஞ்சினில் இருக்கும் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, சாவி ஆனில் கிக் மிதியுங்கள். துளை மூடியிருப்பதால் பெட்ரோல் ஆவி பற்றாது. பொறி இல்லையென்றால் பிளக் தொப்பி, காயில், சி.டி.ஐ. இணைப்புகளை மறுபடி காயவையுங்கள்.
- பொறி வருகிறது, ஓடவில்லை: பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், துடைத்து, திராட்டிலை முழுதும் திறந்து மிதியுங்கள். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் திறப்பான் (கோக்), ஜெட், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள்.
- ஓடி, சற்று நேரத்தில் நிற்கிறது: பெட்ரோலில் இன்னும் தண்ணீர். கிண்ணத்தை மறுபடி வடியுங்கள். தொட்டி மூடியின் காற்றுத் துளையில் சேறு அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.
- முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை: கிளட்ச் வழுக்குகிறது. தவறான எண்ணெயா என்று பாருங்கள்.
- வண்டி ஓடுகிறது, பேட்டரி இறங்குகிறது: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.8 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ரெகுலேட்டர் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள்.
- மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையவில்லை: சென்சார் இணைப்பு ஈரம். காயவைத்தும் அணையாவிட்டால் பட்டறையில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- "கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்" என்று தள்ளி ஸ்டார்ட் செய்வது. கனெக்டிங் ராடை வளைக்க இதைவிட எளிய வழி கிடையாது.
- டபிள்யூ.டி.40 அடித்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புவது. ஈரத்தை விரட்ட நல்லது. சங்கிலிக்கும் பேரிங்குக்கும் அது எண்ணெயாகாது. பிரேக் டிஸ்க்கில் பட்டால் வண்டி நிற்காது.
- வெயிலில் ஒரு வாரம் நிறுத்திவிட்டால் காய்ந்துவிடும் என்று விடுவது. வெளியே காயும், உள்ளே துருப்பிடிக்கும்.
- ஒருமுறை எண்ணெய் மாற்றியதோடு நிறுத்துவது.

எப்போது பட்டறைக்குத் தள்ள வேண்டும்

தண்ணீர் முழுதும் வந்த பிறகும் கிக் இறுகியே இருந்தால், ஓடும்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்டால், வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மினுங்கினால், நாலு முறை மாற்றியும் எண்ணெய் வெளுத்தே வந்தால், அல்லது ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இதுவரை செய்ததை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவர் வேலையும் உங்கள் செலவும் குறையும்.

அடுத்த மழைக்கு முன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பருவம் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டும். திடீர் வெள்ளத்துக்கு அது போதும்.

1. கருமேகம் கூடும்போது, கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் தாழ்ந்து இறங்கும் சுரங்கங்களைத் தவிருங்கள். அங்கே தண்ணீர் வேகமாகச் சேரும்.
2. தேங்கிய நீர் சக்கர அச்சைத் தொடும் உயரம் என்றால் திரும்பிவிடுங்கள். எஞ்சின் நின்றுபோனால் மறுபடி பொத்தானை அழுத்தாமல், தள்ளிக்கொண்டு கரையேறுங்கள். ஓடும் நீரென்றால் வண்டியை விட்டுவிட்டு நீங்கள் கரையேறுங்கள்.
3. பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற ஆற்றோரப் பகுதிகளில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள், எச்சரிக்கை வந்ததும் வண்டியை நிலத்தடி நிறுத்துமிடத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏற்றுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கிய பிறகு கீழே போகாதீர்கள்.
4. வயர் இணைப்புகளில் ஆண்டுக்கு ஒருமுறை மின்காப்புக் கிரீஸ் தடவுங்கள்.
5. காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது இயற்கைப் பேரிடர் பாதுகாப்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இந்தப் பட்டியலில் உள்ள கருவிகளை ஒரே வீடு வாங்க வேண்டியதில்லை. நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கி, மாடியில் வசிக்கும் ஒருவர் வீட்டில் வையுங்கள். எண்ணெய் வடிக்கவும் பிளக் கழற்றவும் வீட்டுக்கு ஒருவராவது, ஆணோ பெண்ணோ, மழைக்கு முன்பே ஒருமுறை செய்து பழகுங்கள். வெள்ளம் வடிந்த அன்று பட்டறைகளில் வரிசை நீளமாக இருக்கும்; முதல் நாள் வேலையைத் தாமானுக்குள்ளேயே முடித்துவிட்டால் பெரும்பாலான மோட்டார்கள் மறுவாரமே வேலைக்குப் போகும்.